குடிலுக்குள் ஒரு நரைமுடிக் கள்ளி

நவம்பரில் சகல ஆத்துமாக்கள் திருநாள் கழிந்துவிட்டால் கள்ளிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது கொன்சாகா சிஸ்டர், நாங்கள் கூடலூரை விட்டு ஊட்டிக்குக் குடிவந்த வருஷம், என் கடைசிப் பெண் ஜெசிந்தாவுக்குப் பால்பல் ஆடிக்கொண்டிருந்த சமயம், கான்வென்ட் சமையல்கட்டுப் பின்வாசலில் நான் காரட்டில் மண் கழுவிக்கொண்டிருந்தபோது. சுருங்கும், வற்றிப்போன மாதிரி நிற்கும், பார்க்க மனசு கேட்காது, ஆனாலும் ஊற்றாதே மதலேன், அது சாகவில்லை, தூங்குகிறது, தூங்குகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றுவார்களா என்றார்கள். அப்புறம் எப்போதுதான் ஊற்றுவது சிஸ்டர் என்று கேட்டேன். சூசையப்பர் திருநாளன்றைக்கு ஊற்று, மார்ச் மாசம் வெயில் ஏறியிருக்கும், அதுவரைக்கும் அவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். பார்த்துக்கொண்டுதான் நிற்கிறீர் சூசையப்பரே. இதோ பீடத்துக்கு இடது பக்கம் போட்டிருக்கிற கிறிஸ்துமஸ் குடிலுக்குள், ஒரு கையில் கோலும் ஒரு கையில் லாந்தருமாக, தலையைச் சற்றுக் குனிந்து, பார்த்துக்கொண்டே நிற்கிறீர். உம் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி என் நரைமுடிக் கள்ளி. அதைச் சுற்றி ஈரப் பாசி. அதன் தொட்டிக்குள்ளேயே, நான் சலித்துச் சலித்துப் போட்ட பருமணலுக்குள்ளேயே, பச்சைப்பசேலென்று ராகி முளைத்திருக்கிறது. குடிலில் புல் தெரிய வேண்டுமென்று தட்டுத் தட்டாக ராகி முளைக்கவைப்பது நம் கோயில் வழக்கம், அது சரி, நானே வருஷா வருஷம் ஒரு தட்டு கொடுக்கிறவள்தான். ஆனால் தொட்டி மொட்டையாகத் தெரிகிறதென்று கள்ளித் தொட்டியிலேயே ஒரு கைப்பிடி ராகியைத் தூவி, அது முளைக்க வேண்டுமென்று காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிற புத்தி இந்த உலகத்தில் வேறு யாருக்கு வரும். அதுவும் டிசம்பரில். ஊட்டியில். விடிந்தால் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினாற்போல் உறைபனி கிடக்கிற ஊரில்.

சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு முன்னால் ஜெபமாலை ஓடுகிறது. அமலோற்பவம் டீச்சர் மைக்கில் முதல் பாதியைச் சொல்ல, நாங்கள் பெஞ்சுகளில் முழந்தாளிட்டு மறுபாதியைச் சொல்கிறோம். என் வாய் சொல்கிறது, விரல் மணியைத் தள்ளுகிறது, கண் மட்டும் கள்ளியை விட்டு வரமாட்டேன் என்கிறது. சாய்ந்திருக்கிறதா? உம் கோலை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன். கோல் நேராக இருக்கிறது. கள்ளியும் நேராகத்தான். இல்லை, உச்சி கோலின் பக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. நேற்று அவ்வளவு வரவில்லை. நேற்று நான் இந்த பெஞ்சில் உட்காரவில்லை, பின்னால் தூணோரம் இருந்தேன், அங்கிருந்து பார்த்தால் எல்லாமே நேராகத்தான் தெரியும். தொட்டியைக் கோணலாகச் செருகியிருப்பார்கள். அல்லது உம் கோல்தான் கோணல், போன வருஷம் பெட்டியில் வைக்கும்போது உம் விரல் உடைந்து பசை போட்டு ஒட்டினார்களே, அப்போது கோலைச் சாய்த்து ஒட்டியிருப்பார்கள். என் கண்ணும் இருக்கிறதே, இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது என்று போன மாதம் சொன்னார்கள். கோல், கண், தொட்டி. இவற்றில் ஏதாவது ஒன்று கோணலாக இருந்துவிட்டுப் போகட்டும். கள்ளி மட்டும் சாய்ந்திருக்கக்கூடாது. ஏனென்றால் இது சாய்ந்தால் அடி அழுகிவிட்டது என்று அர்த்தம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வேரில் தொடங்கும், மேலே முடி வெள்ளைவெளேரென்று அப்படியேதான் இருக்கும், ஒன்றுமே காட்டிக்கொடுக்காது, ஒரு நாள் தொட்டால் வேகவைத்த பூசணி மாதிரி விரல் உள்ளே போகும். அழுகல் அடியோடு நிற்கும்போதே மணலைத் தட்டி எடுத்துக் காயப்போட்டால் பிழைக்கும். நடு உடம்புக்கு ஏறிவிட்டால் மோட்சத்திலிருந்து நீரே இறங்கி வந்தாலும் நடக்காது. குடிலை ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்துதான் பிரிப்பார்கள். அதுவரை காலையும் மாலையும் தண்ணீர். தாங்காது, சூசையப்பரே. இன்றைக்கு எடுத்தால் உண்டு.

எடுத்தால். யார் எடுப்பது? கேட்டால் அல்லவா எடுக்க முடியும்? கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். பாலன் யேசுவுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாயா மதலேனம்மா. நான் கொடுக்கவே இல்லையே! அதுதானே விஷயம், நான் கொடுக்கவே இல்லை. ஊர் வழக்கப்படி கேக் மாவைக் கலக்கித் தட்டில் ஊற்றி, துணி போட்டு மூடி, பேக்கரி அடுப்பில் வேகவைத்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், முன்னால் எல்லார் கையிலும் தட்டு, என் முறை வரவே இல்லை, மாவு அமுங்கிவிடுமோ என்று எனக்கு அந்தக் கவலை. வெந்த கேக்கோடு வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் கண்ணாடிக் கூண்டின் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. பழைய ஜன்னல் கண்ணாடிகளைச் சேர்த்து நானே கட்டி வைத்த கூண்டு. உள்ளே அலமாரித் தட்டில் உருண்டைக் கள்ளி இருக்கிறது, விரல் விரலாகக் கிளைக்கிறது இருக்கிறது, கூழாங்கல் மாதிரி வாய் பிளந்து கிடக்கிற சதைச்செடிகள் இருக்கின்றன, நடுவில் நரைமுடிக் கள்ளி நின்ற இடத்தில் வட்டமாகத் தூசியில்லாத ஒரு இடம். என் வீட்டுக்காரர் சிங்கராயர் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டு, ஏதோ நல்ல காரியம் செய்து முடித்த முகத்தோடு இருக்கிறார். "கிளமென்ட் வந்தான். குடிலுக்குப் பாலைவனம் செட்டிங் போடுறாங்களாம். கொடுத்தனுப்பிட்டேன்." "எதை?" "அதான், தாடி வச்ச மாதிரி ஒண்ணு வச்சிருப்பியே." "ஒரு வார்த்தை என்னைக் கேக்கக் கூடாதா?" "பாலன் யேசுவுக்குக் கொடுக்க உன்னைக் கேக்கணுமா?" இவர் எப்போதும் இப்படித்தான், கொடுக்கிற புண்ணியம் இவருக்கு, கொடுபடுகிற பொருள் என்னுடையது. என் தையல் மிஷின் இவர் தங்கை வீட்டுக்குப் போனது இப்படித்தான். மூத்தவன் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித்தந்த கம்பளிச் சால்வை யாரோ ஒரு பெரியப்பாவின் அடக்கத்துக்குப் போனவர்களில் ஒருத்திக்குக் குளிர்கிறதென்று போனதும் இப்படித்தான். நானும் ஒவ்வொரு தடவையும் பரவாயில்லை என்றேன். இத்தனை வருஷத்தில் நான் அதிகம் சொன்னது மங்கள வார்த்தை ஜெபமா, பரவாயில்லையா என்று மேலே யாராவது கணக்கெடுத்தால் நான் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும்.

ஜெபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் இரண்டாவது முடிந்தது. எப்போது முடிந்தது? எலிசபெத்தம்மாளை மாதா சந்தித்ததைத் தியானிக்க வேண்டிய இடத்தில் நான் தையல் மிஷினைத் தியானித்துக்கொண்டு இருந்திருக்கிறேன், மன்னியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், மாதாகூட அத்தனை மலையேறிப் போனது தன் இஷ்டத்துக்குப் போனது, யாரும் அவளைக் கேட்காமல் தூக்கி வண்டியில் ஏற்றவில்லை. சரி, சரி. நான் போய்க் கேட்காமலும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே வந்து கேட்டேன். கிளமென்ட் ஏணி மேல் நின்று குடிலுக்கு நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தான், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற ஆள், இளைஞர் இயக்கத்துக்கு இன்னும் அவன்தான் தலைவர். "தம்பி, அந்தச் செடிக்குத் தண்ணி ஆகாதுப்பா." "ஆன்ட்டி, உங்க செடிதான் ஆன்ட்டி ஹைலைட். மறைமாவட்டத்துல குடில் போட்டி வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஜட்ஜ் வர்றாங்க. நம்ம பெத்லகேம் மாதிரி ஒரு பெத்லகேம் எவன் கிட்டயும் இல்ல." "இந்தச் செடி பெத்லகேம்லயே கிடையாதுப்பா, அது அமெரிக்காப் பக்கத்துச் செடின்னு சிஸ்டர் சொல்வாங்க." "பெத்லகேம்ல சீரியல் லைட்டும்தான் கிடையாது, போடாம இருக்கோமா?" கீழே நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன்! அங்கேதான் தப்பு. சிரித்தவள் அப்புறம் எப்படிக் கேட்பாள்? "தண்ணி மட்டும் வேணாம்பா" என்றேன். "அய்யோ, சும்மா லேசா ஸ்பிரே பண்றதுதான் ஆன்ட்டி." ஸ்பிரே. முடிக்குள் ஏறிய ஈரம் இந்தக் குளிரில் காய எத்தனை நாளாகும் என்று இவர்களுக்கு யார் சொல்வது. அது நரைத்த முடி இல்லையப்பா, வெயிலுக்குப் பிறந்த உடம்பு தனக்குத் தானே பின்னிக்கொண்ட கம்பளி, அதை நனைத்தால் நனைந்த கம்பளியோடு பனியில் நிற்கிற ஆள் மாதிரிதான், என்று சொல்ல வாய் வரையில் வந்தது. வாயிலிருந்து வந்தது "நல்லா இருக்குப்பா குடில்" என்பது.

பிள்ளைகளிடம் சொன்னேன். சொன்னால் ஆறுதலாக இருக்குமென்று சொன்னேன், அதுவும் தப்புதான். திருப்பூரில் இருக்கிற மூத்தவன் வலேரியன் பனியன் கம்பெனி இரைச்சலுக்குள்ளிருந்து, "ஆன்லைன்ல கிடைக்கும்மா, போட்டோ அனுப்பு, நாளன்னிக்கு வீட்டு வாசல்ல வந்து நிக்கும்" என்கிறான். டேய், உன்னைத் தொலைத்துவிட்டு உன்னை மாதிரி ஒருத்தனை ஆன்லைனில் வரவழைத்தால் ஆயிற்றா என்று கேட்கவில்லை. பரவாயில்லைப்பா என்றேன். ஜெசிந்தா ஓசூரிலிருந்து, "நேராப் போயி எடுத்துட்டு வாம்மா, உன் பொருள், உனக்கென்ன பயம்?" என்றாள். "கோயில்லயிருந்து எப்படிடி எடுக்கறது?" "கோயில் கொண்டுபோனதைத்தானே எடுக்கற?" "அப்பா கொடுத்துட்டாரே." "அப்பா அவரோட வேட்டியைக் கொடுக்கட்டும்!" அவளுக்கு அப்பா போலவே கோபம், என்னைப் போலவே மூக்கு. இந்தக் கள்ளியை நான் விதை போட்டு முளைக்கவைத்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கொன்சாகா சிஸ்டர் ஒரு மாத்திரைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த விதை, கறுப்பாக, கடுகில் கால்வாசி. அவள் காலேஜ் முடித்து, கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்ற பிறகும் இது என் முழங்கை உயரத்தைத் தாண்டவில்லை. அவசரமே கிடையாது அதற்கு. பனிக்காலத்தில் நான் கூண்டுக்குள் போய் அதன் பக்கத்தில் முக்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன், ஊற்றுவதற்கு ஒன்றும் இல்லை, கிளறுவதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு உயிரைத் தண்ணீர் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருஷம் கை துடிக்கும், டம்ளரைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவருவேன். அப்புறம் பழகிற்று. செய்யாமல் இருப்பதும் ஒரு கவனிப்பு என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கெல்லாம் கை அரிக்கும். இவர் தேநீர் குடித்த டம்ளரைக் கழுவின தண்ணீரை ஊற்றுவார். வீட்டுக்கு வருகிறவர்கள், அய்யோ மதலேனக்கா, காய்ஞ்சு கிடக்குதே என்று சொல்லிக்கொண்டே செம்பைத் தேடுவார்கள். கதவுக்குப் பூட்டுப் போடலாமா என்றுகூட நினைத்தேன், கள்ளிக்குப் பூட்டா என்று சிரிப்பார்களே என்று விட்டேன்.

பாலன் பிறந்த தேவ இரகசியம். இதையாவது ஒழுங்காகச் சொல்கிறேன். ஒன்று. இரண்டு. யார் எழுந்திருக்கிறது? மரியபுஷ்பம். முன்பெஞ்சிலிருந்து எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுக்கிறாள். மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட பாட்டில். வேண்டாம் புஷ்பம். வேண்டாம், காலையில்தானே தெளித்தாய். அவளுக்கு அது ஒரு நேர்ச்சை, அவள் மருமகளுக்குக் குழந்தை தங்க வேண்டுமென்று குடில் புல்லைப் பச்சையாக வைத்திருப்பதாகப் பாலனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள், என்னிடமே சொல்லி அழுதாள், நானும் அவளுக்காகத் தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்கிறேன். அதனால்தான் அவளையும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சலே. குனிந்து பாசிக்குத் தெளிக்கிறாள். தட்டுகளுக்குத் தெளிக்கிறாள். ஆட்டுக்குட்டி முதுகில் பட்டதை முந்தானையால் துடைக்கிறாள், பொம்மை ஆட்டுக்குட்டிக்குக் குளிரும் என்று துடைக்கத் தெரிகிறது. இப்போது தொட்டி. ராகிக்குத் தெளிக்கிறாள், ரொம்ப நேரம் தெளிக்கிறாள். போதும். போதும் புஷ்பம். பிறகு, பாட்டிலில் கொஞ்சம் மீதி இருக்கிறதே என்று, வீணாக்குவானேன் என்று, என் கள்ளியின் தலைமேலேயே கவிழ்க்கிறாள். அமலோற்பவம் டீச்சரின் குரல் எங்கேயோ போய்விட்டது. சீரியல் விளக்கு சிவப்பாகும்போது முடியெல்லாம் சிவப்பு, பச்சையாகும்போது பச்சை, ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு சொட்டு. பின்பெஞ்சில் யாரோ, "பாரேன், பனி பெஞ்ச மாதிரி எவ்வளவு அழகா இருக்கு" என்கிறார்கள். என் விரல் ஒரே மணியை நெரித்துக்கொண்டிருக்கிறது. கோபமா? கோயிலுக்குள், ஜெபமாலை நடுவில், பாலனுக்கு முன்னால் கோபமா? இல்லை, பயம். அடி எங்கே வரைக்கும் போயிருக்கிறதோ என்ற பயம். இல்லை, கோபம்தான், எதற்குப் பொய் சொல்வானேன், உம்மிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. புஷ்பத்தின் மேல் கோபம், கிளமென்ட் மேல் கோபம், இவர் மேல் கோபம். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு உருக்கமாகச் சொல்கிறார் பாரும். உம் மேலும் கோபம்தான். கையில் கோல் இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் என்ன? வேதத்தில் நீர் ஒரு வார்த்தை பேசினதாகக்கூட இல்லை என்று சாமியார் பிரசங்கத்தில் பெருமையாகச் சொல்வார், மௌனப் புனிதர் என்று. நானும் அதைப் பார்த்துத்தான் பழகினேன் போலிருக்கிறது.

சாய்ந்துதான் இருக்கிறது. இப்போது சந்தேகமில்லை, தண்ணீர்க் கனத்தில் உச்சி உம் கோலைத் தொடப்போகிறது. நான்காவது இரகசியம் ஓடுகிறது, பாலன் யேசுவைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்தது. காணிக்கை. ஆமாம், இதுவும் காணிக்கைதான் என்று வைத்துக்கொள்ளேன் மதலேன். எத்தனையோ போயிருக்கிறது, இது ஒரு செடி, அதுவும் முள்செடி. ஆசையாகத் தொடக்கூட முடியாது. வயிற்றுக்கு ஆகாது, மருந்துக்கு ஆகாது, மாலைக்கு ஆகாது. பாலன் காலடியில் செத்தால் அதற்கு மோட்சம் என்று நினைத்துக்கொள். நினைத்துக்கொள்கிறேன். நினைத்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. பாலனுக்கு என்ன லாபம், சொல்லும்? அழுகி விழுந்தால் கிளமென்ட் அதைத் தூக்கிக் கோயில் பின்னால் குப்பையில் போடுவான், தொட்டியைக் கழுவி சாமியார் வீட்டு வாசலில் வைப்பான். யாரும் பெற்றுக்கொள்ளாத காணிக்கை. நீரும் மாதாவும் அன்றைக்குக் கோயிலில் கொடுத்தது புறாக்குஞ்சு. பிள்ளையைக் கொடுத்துவிட்டு வரவில்லை. கொடுத்த மாதிரி கொடுத்து, புறாவை வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். எனக்கு இது இப்போதுதான் உறைக்கிறது. ஐந்தாவது இரகசியம் சொல்கிறார் டீச்சர், காணாமற்போன யேசுவைக் கோயிலில் கண்டடைந்தது. ஒரு நாள் வழி வந்துவிட்டுத் திரும்பப் போனீர்கள். அங்கே பிள்ளை எங்கே இருந்தான்? கடவுள் வீட்டில் இருந்தான், பெரிய பெரிய குருமார் நடுவில் இருந்தான், எல்லாரும் அவனைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்கள், அவன்தான் அங்கே ஹைலைட். இருந்துவிட்டுப் போகட்டும், கோயிலில்தானே இருக்கிறான், பரவாயில்லை என்று நீர் திரும்பினீரா? மாதா அத்தனை பேருக்கு நடுவிலும் வாயைத் திறந்து கேட்டாள், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள், நீர் பக்கத்தில் நின்றீர், இரண்டு பேருமாகக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவளை யாராவது, கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாயே என்று சொன்னார்களா?

முழங்கால் எழுந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை, முழங்கால்தான், வலியெடுத்த முழங்கால், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நிற்கிறது. பக்கத்தில் இருப்பவள், "மயக்கமா மதலேனக்கா?" என்கிறாள். இல்லை என்று தலையாட்டுகிறேன். செருப்பில்லாத காலுக்குத் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கிறது. நடுவழியில் நடக்கிறேன், மணிகள் கையிலேயே இருக்கின்றன, வாய் இன்னும் மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லட்டும், நிற்க வேண்டாம். டீச்சர் என்னைப் பார்த்தபடியே மைக்கில் சொல்கிறார். ஆண்கள் பக்கம் இவர் கண்ணைத் திறந்தாயிற்று, கண்ணால் என்ன என்ன என்கிறார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குடில் வேலிக்குள் கால் வைத்தபோது பாசி சொதசொதவென்று அமுங்குகிறது. இதில்தான் அது நின்றிருக்கிறது. கிளமென்ட் பக்கவாசலிலிருந்து குனிந்துகொண்டே ஓடி வருகிறான். "ஆன்ட்டி, என்ன ஆன்ட்டி பண்றீங்க?" "செடியை எடுக்கறேன்பா." "ஆன்ட்டி, நாளைக்கு ஜட்ஜ் வர்றாங்க!" "வரட்டும். காலைல எங்க வேலியில இருந்து ஒரு கத்தாழை பேத்துத் தர்றேன். எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் சாகாது." "அங்கிள்தானே ஆன்ட்டி எடுத்துக்கச் சொன்னாரு..." "அப்ப அங்கிளைக் கொண்டாந்து இங்க நிக்க வையி. அவருக்கும் தலை நரைச்சிருக்கு." இதை நானா சொன்னேன்? என் குரல்தான், கொஞ்சம் சத்தமாகவே வந்திருக்கிறது, முன்பெஞ்சில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். கிளமென்ட்டுக்கும் சிரிப்பில் உதடு துடிக்கிறது. "சீரியலாவது ஆஃப் பண்றேன் இருங்க, ஷாக் அடிச்சிடப் போவுது" என்று போகிறான். மரியபுஷ்பம் முகம் விழுந்து என்னைப் பார்க்கிறாள். "புல்லு பச்சையாத்தான் இருக்கும் புஷ்பம், தட்டுல இருக்கறதுக்கு ஊத்து, நல்லா ஊத்து" என்று அவள் கையைத் தொட்டுச் சொல்கிறேன். அவள் தலையை ஆட்டுகிறாள்.

விளக்கு அணைந்தது. ராகியை ஒரு பிடியாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஈர மணலுக்குள் பெருவிரலை விட்டு அடியை அழுத்திப் பார்க்கிறேன். உம் பக்கம் கெட்டி. கழுதைப் பக்கம் கெட்டி. பின்பக்கம், சுவர்ப் பக்கம், ஐயோ, விரல் போகிறது. கொஞ்சம்தான் போகிறது. நகக்கணு வரைக்கும். அதற்கு மேலே அழுத்தினால் எதிர்த்து நிற்கிறது, உள்ளே உயிர் இருக்கிற கெட்டி அது, எனக்குத் தெரியும். ஏறவில்லை, இன்னும் மேலே ஏறவில்லை. கத்தியைக் காய்ச்சி அந்த இடத்தைச் செதுக்கி, அடுப்புச் சாம்பல் தடவி, சமையல்கட்டு உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவேன், உம் திருநாள் வரைக்கும் தொங்கட்டும், இவர் தலை இடிக்கிறதென்று கத்தினால் கத்தட்டும். பிழைக்குமா தெரியாது. பிழைக்காமலும் போகலாம். அது கள்ளிக்கும் எனக்கும் நடுவில் உள்ளது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தொட்டியைப் பிடித்துத் தூக்குகிறேன், வரவில்லை, முள் உம் அங்கியின் மடிப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது, தொட்டி விளிம்பு உம் காலடிப் பலகைக்கு அடியில் சிக்கியிருக்கிறது. சூசையப்பரே, விரல் உடைந்த கை பத்திரம். ஒரு நிமிஷம், கொஞ்சம் தள்ளி நில்லும்.